கைம்மையும் துணைமையும்

கண்டி மாநகருக்குக் கிழக்கே, மகாவலி கங்கையை அடுத்து அமைந்த குண்டசாலை, ஒரு காலத்தில் அரசிருக்கையாய் விளங்கிய ஊராகும். 1707 முதல் 1739 வரை கண்டி இராச்சியத்தை ஆண்ட வீர நரேந்திரசிங்கன் இவ்வூரில் மாளிகை அமைத்து வாழ்ந்தமையால், ‘குண்டசாலை மன்னன்’ என்றே மக்களால் அழைக்கப்பட்டான். அவனுடைய பட்டத்தரசி மதுரையிலிருந்து மணமகளாய் வந்த நாயக்கர் குலப் பெண். 1739இல் மன்னன் இறந்தபோது அரசிக்குப் புதல்வன் இல்லை. ஆகவே அவளுடைய உடன்பிறந்தான் ஸ்ரீ விஜய இராஜசிங்கன் என்னும் பெயருடன் முடிசூடினான். 1747இல் அவனும் வழித்தோன்றல் இன்றி இறக்க, அவனுடைய அரசியின் உடன்பிறந்தானாகிய கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அரியணை ஏறினான். எட்டாண்டுக்குள் இருமுறை, கணவனை இழந்த அரசியின் உறவு வழியாகவே ஆட்சியுரிமை சென்றது.

இந்நிகழ்ச்சிகளை நாயக்க மன்னர் ஆட்சியின் தொடக்கமாகக் காண்பது வரலாற்று நூல்களின் வழக்கம். கணவனை இழந்த பெண்ணின் நிலையை ஆராய்வோர்க்கும் அவை பயன்படும். கடல் கடந்து வந்து, வேற்று மொழி பேசும் நாட்டிற் கணவனை இழந்த அவ்வரசியர் தனித்து விடப்பட்டிலர். அவர்தம் சுற்றத்தார் கண்டி நகரிற் குமாருப்பே வீதியிற் குடியிருந்தனர். தாய்மொழியிற் பேசித் துயர் ஆற்றுவோரும், தம் குலவழக்கு அறிந்தோரும் அணித்தே இருந்தனர். உடன்பிறந்தான் அரியணையில் இருந்தமையால் உணவுக்கும் மதிப்புக்கும் குறைவு நேரவில்லை. ஆயின், இப்பேறு ஏனைப் பெண்டிர்க்கும் வாய்த்ததா? சுற்றம் கைவிட்ட பெண்ணுக்கும், சுற்றமே சுமையாய் அமைந்த பெண்ணுக்கும் யார் துணையாயினர்?

கணவனை இழந்த பெண்ணுக்கு வரலாற்றில் மூவகைத் துணை அமைந்தமை காணலாம். ஒன்று சுற்றத்தின் துணை. மற்றொன்று சட்டத்தின் துணை. பிறிதொன்று அவளைப் போன்றே கணவனை இழந்த பிற பெண்டிரின் துணை. முதலிரண்டும் பழமையானவை, நூல்களிற் பலவாறு பேசப்பட்டவை. மூன்றாவது, அமைப்பு என்னும் நிலையிற் காலத்தாற் பிந்தியது. ஆயினும் முன்னவை இரண்டாலும் இயலாத ஒன்றை அது செய்தது. அது யாது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழந்தமிழகத்திற் கைம்மை

தொல்காப்பியப் புறத்திணையியல் கணவனை இழந்த மனைவியின் நிலையைத் தாபதநிலை, முதுபாலை முதலிய துறைகளாற் சுட்டுகிறது. புறநானூற்றின் 246ஆம் பாட்டைப் பாடியவர் பூதப்பாண்டியன் தேவியாகிய பெருங்கோப்பெண்டு. தீப்பாய எழுந்த தம்மைத் தடுத்த சான்றோரை நோக்கி, கைம்மை நோற்கும் பெண்டிர் உண்ணும் உணவின் எளிமையையும், பாயின்றிப் பருக்கைக் கல்லின்மேற் கிடக்கும் துன்பத்தையும் அவர் எடுத்துரைக்கிறார். அத்தகைய வாழ்வைவிட ஈமத்தீ தமக்கு அரிதன்று என்பது அவர் கருத்து. அரசமாதேவி ஒருத்தியே இவ்வாறு கருதினாள் எனின், கைம்மை எத்துணைக் கொடிதாய் இருந்தது என்பது தானே விளங்கும்.

இதற்கு மாறான காட்சியும் சங்க நூல்களில் உண்டு. ஆடவர் துணையற்ற பெண்டிர் நுண்ணிய நூல் நூற்று வாழ்ந்தமையை நற்றிணை குறிக்கின்றது; பருத்தி நூற்கும் பெண்டிர் புறநானூற்றிலும் இடம்பெறுகின்றனர். தம் கை உழைப்பால் வாழ்ந்த அப்பெண்டிர் பிறர் கையை எதிர்நோக்காதவர். எனினும், நோன்பாயினும் உழைப்பாயினும் அவை தனித்த ஒருத்தியின் செயல்களாகவே பெரும்பாலும் தோற்றுகின்றன. கைம்பெண்டிர் ஒருங்குகூடி ஒருவரை ஒருவர் தாங்கிய அமைப்பு எதனையும் அந்நூல்களால் அறிய இயலவில்லை.

சுற்றமும் சட்டமும்

இலங்கையில் வழங்கிய மரபுச் சட்டங்கள் கைம்பெண்ணை முற்றாகக் கைவிட்டன அல்ல. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகள் 1707இல் ஒல்லாந்த அதிகாரியாகிய கிளாஸ் ஐசாக்ஸ் என்பாரால் தொகுக்கப்பட்டுத் தேசவழமை என்னும் பெயருடன் நிலைபெற்றன. இளம் பிள்ளைகளை விட்டுக் கணவன் இறப்பின், மறுமணம் செய்யாதிருக்கும் வரையிற் குடும்பச் சொத்து முழுவதும் தாயின் பொறுப்பில் இருக்கும் என்பது அதன் விதி. மறுமணத்தைத் தேசவழமை தடைசெய்யவில்லை. அவ்வாறு மணப்பின் பிள்ளைகளின் பங்கு காக்கப்படவேண்டும் என்பதிலேயே அது கருத்துச் செலுத்தியது.

கண்டிச் சிங்களச் சட்டமும் இதனை ஒருபுடை ஒத்தது. கணவன் வீடு சென்று வாழும் ‘தீக’ மணத்திற் புகுந்தவள், கணவனை இழந்து வறியளாய்த் தந்தை வீடு திரும்பின், உறையுளும் உணவும் உடையும் பெறும் உரிமை அவளுக்கு இருந்தது. கணவன் தேடிய பொருளில் வாழ்நாள் அனுபவ உரிமையும் கைம்பெண்ணுக்கு உண்டு. மறுமணம் கண்டி நாட்டில் இழுக்காகக் கருதப்படவில்லை.

இந்தியாவில் ஆங்கிலேயர் ஆட்சி 1856இல் இந்துக் கைம்பெண் மறுமணச் சட்டத்தை இயற்றியது. ஈசுவர சந்திர வித்தியாசாகரர் பெருமுயற்சியால் நிறைவேறிய அச்சட்டம், மறுமணத்தைச் செல்லுபடியாக்கியது. அதே வேளையில், மறுமணம் புரிவோள் முதற் கணவன் வழி வந்த சொத்துரிமையை இழக்கவும் விதித்தது. சட்டம் கதவைத் திறந்தது; ஆயினும் அக்கதவைக் கடந்து வந்தோர் மிகச் சிலரே.

சட்டத்தின் ஆற்றல் பொருளோடு நின்றுவிடும். வயலும் வீடும் உணவும் உடையும் சட்டத்தால் வழங்கப்படலாம். மணவீட்டின் முன்வரிசையில் ஓர் இடத்தைச் சட்டம் வழங்கமாட்டாது. சுற்றத்தின் நிலையும் அத்தகையதே. கைம்பெண்ணுக்குச் சோறிடும் அதே சுற்றம், புறப்படும் வேளையில் அவள் எதிர்ப்படாதிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். உடன்பிறந்தாளின் மகளுக்குப் பூச்சூட்டும் வேளையில் அவளை அடுக்களையில் இருத்தும். அன்பு குறைந்தமையால் அன்று. மங்கலம், அமங்கலம் என்னும் பாகுபாடு அன்பையும் மேவி நின்றமையால் இது நேர்ந்தது. கைம்பெண்ணை அமங்கலமாகக் கருதாத இடம் ஒன்று வேண்டியிருந்தது. அவ்விடம், அனைவரும் கைம்பெண்டிராகவே இருந்த வீடுகளில் அமைந்தது.

மகாராட்டிரத்து முன்னோடிகள்

இத்துறையில் முதற்கண் போற்றத்தக்கவர் பண்டித ரமாபாய் (1858-1922). வடமொழிப் புலமையாற் ‘பண்டிதை’ எனச் சிறப்பிக்கப்பட்ட இவர், 1882இற் கைக்குழந்தையுடன் கணவனை இழந்தார். பின்னர் இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளுக்குச் சென்று பொருள் திரட்டி, 1889ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் பம்பாயிற் சாரதா சதனம் என்னும் இல்லத்தை நிறுவினார். மறு ஆண்டில் அது புனா நகருக்கு மாற்றப்பட்டது. ஒரு கைம்பெண்ணே கைம்பெண்டிருக்கென நிறுவிய கல்வி இல்லமாக அது விளங்கியது. ரமாபாய் கிறித்தவ சமயம் தழுவியவராதலால், மாணவியரும் சமயம் மாறுவர் என்னும் அச்சம் எழுந்து, 1893இற் பல பெற்றோர் தம் மகளிரை அழைத்துச் சென்றனர். நம்பிக்கை தளருமாயின் இத்தகைய இல்லம் எத்துணை விரைவில் வெறுமையாகும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

சாரதா சதனத்தின் முதல் மாணவியருள் ஒருவராகிய கோதுபாய், இளமையிற் கணவனை இழந்தவர். 1893இற் பேராசிரியர் தோண்டோ கேசவ கார்வே அவரை மணந்தார். கார்வே 1896இல் தொடங்கிய கைம்பெண் இல்லம், பின்னர்ப் புனாவை அடுத்த இங்கணே என்னும் சிற்றூரில் நிலைபெற்றது. அவ்வில்லத்தின் வளர்ச்சியிற் கோதுபாயின் உடன்பிறந்தாளாகிய பார்வதிபாய் அதவலேயின் பங்கு பெரிது. அவரும் கைம்பெண், முறையான கல்வியின்றி வந்து இல்லத்திற் கற்றவர், பின்னர் அதன் மேற்பார்வையாளராய், அதன் பொருட்டு ஊர் ஊராய்ச் சென்று நிதி திரட்டியவர். மகாயுத்த காலத்தில் அமெரிக்கா வரையும் சென்றார். உதவி பெற வந்தவள் உதவி அளிப்பவளாய் உயர்ந்த இம்மாற்றமே இங்கணே இல்லத்தின் சிறந்த பயன் எனலாம்.

விவேகானந்தர் கூற்றும் ஐஸ் ஹவுஸும்

1897ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் சுவாமி விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து கொழும்பு வந்திறங்கினார். கண்டியில் வரவேற்பு ஏற்று, யாழ்ப்பாணம் சென்று, பெப்ரவரியிற் சென்னையை அடைந்தார். அங்கு அவர் ஒன்பது நாள் தங்கிய மாளிகை கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842ஆம் ஆண்டளவிற் கட்டப்பட்ட கட்டடம் அது.

சென்னையில் ஆற்றிய சொற்பொழிவு ஒன்றிற் கைம்பெண்டிர் பிரச்சினை பற்றிச் சுவாமிகள் குறிப்பிட்டார். இது குறித்துத் தம்மைப் பலரும் வினவுவதாகவும், தாம் கைம்பெண்ணோ பெண்ணோ அல்லராதலின் அதற்கு விடை கூறுதல் தமக்கு உரியதன்று எனவும், பெண்டிர் பிரச்சினையைப் பெண்டிரே தீர்த்துக்கொள்வர் எனவும் அவர் கருத்துரைத்தார். சீர்திருத்தக்காரர் சிலர்க்கு அது பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் விடையாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் இருபதாண்டு கழிந்து, அவர் தங்கிய அதே மாளிகையில் அவ்விடை மெய்யாயிற்று.

சுப்புலட்சுமி அம்மையார்

‘சகோதரி சுப்புலட்சுமி’ எனப் பெயர்பெற்ற ஆர். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் 1886 ஆகஸ்ட் 18ஆம் நாள் பிறந்தவர். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் வேளாண்மைத் துறையில் அலுவல் புரிந்தவர். அக்கால வழக்கப்படி அம்மையாருக்குப் பதினொரு வயதளவில் மணம் நிகழ்ந்தது. சில காலத்திற் கணவன் இறந்தான். அவ்வீட்டில் ஏற்கெனவே ஒரு கைம்பெண் இருந்தார். அவர் அம்மையாரின் சிற்றன்னை வாலாம்பாள். அவரும் இளமையிலேயே கணவனை இழந்தவர். பேரிழப்பு நேர்ந்த சிறுமியின் அருகே, அவ்விழப்பைத் தாமும் அறிந்த ஒருவர் இருந்தமை ஈண்டு நோக்கற்பாலது. பின்னாளில் அம்மையார் நடத்திய இல்லத்தின் வித்து அவ்வீட்டிலேயே இடப்பட்டது என்பது மிகையன்று.

தந்தையார் மகளின் தலையை மழிக்கவோ, வீட்டில் அடைக்கவோ இசையாது, கல்வி கற்பித்தார். 1911இல் அம்மையார் சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று கலைப்பட்டம் பெற்றார். சென்னை இராசதானியில் அந்நிலை எய்திய முதல் இந்துப் பெண் என்று அவர் போற்றப்படுகிறார். பட்டம் பெற்றபின் கற்பிப்பதோடு அமையாது, தம்மைப்போல் இளமையிற் கணவனை இழந்த பெண்களைத் தம் இல்லத்தில் இருத்திக் கற்பிக்கலானார். பெண்கல்விப் பரிசோதகராயிருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்னும் அம்மையார் இதற்கு அரசாங்கத்தின் ஆதரவைத் தேடித் தந்தார். 1912இற் சாரதா மகளிர் சங்கம் தோன்றியது. கைம்பெண் இல்லம் அரசின் உதவியுடன் வளர்ந்தது. பெண் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியைமார் கிடைப்பது அரிதாயிருந்த காலம் அது. குடும்பப் பொறுப்பால் தடைப்படாத இளங் கைம்பெண்களைப் பயிற்றி ஆசிரியைகளாக்கினால், ஒரே முயற்சியால் இரு குறைகள் நீங்கும் என அரசாங்கம் கருதியது.

மாணவியர் பெருகப் பெருக இல்லத்துக்கு இடம் போதாதாயிற்று. கைம்பெண்டிர் பலர் ஒருங்கு வாழும் வீட்டை அயலார் விரும்பாத காலம் அது. எனவே திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒதுங்கி நின்ற ஐஸ் ஹவுஸை அரசாங்கம் 1917இல் விலைக்கு வாங்க, இல்லம் அங்குக் குடிபுகுந்தது. விவேகானந்தர் தங்கிய மாளிகையிற் கைம்பெண்டிர் தம் பிரச்சினையைத் தாமே தீர்க்கத் தலைப்பட்டனர்.

அவ்வில்லத்தின் ஒழுங்கைச் சிறிது நோக்குதல் தகும். பெற்றோர் அஞ்சாவண்ணம் உணவிலும் வழிபாட்டிலும் வைதிக ஆசாரம் பேணப்பட்டது, மறுமணம் வற்புறுத்தப்படவில்லை. வெளியிலிருந்து நோக்குவார்க்கு அது பழமையைத் தாங்கும் மடம்போலத் தோன்றியிருக்கலாம். உள்ளே நிகழ்ந்ததோ பெரும் மாற்றம். வீட்டில் எவர் கண்ணிலும் படாது ஒதுங்கி நிற்கப் பழகிய சிறுமி, இங்கே வந்தவுடன் தன்னைப் போன்றோரையே நாற்புறமும் கண்டாள். காலையில் யார் முகத்தில் விழித்தால் தீங்கு என்னும் பேச்சுக்கு அங்கு இடமில்லை. விளையாட்டும் பாட்டும் படிப்பும் அவளுக்கு மீண்டும் உரியவாயின. அனைத்துக்கும் மேலாக, தலைமை வகித்த சகோதரியே கைம்பெண், பட்டம் பெற்றவர், பலர் மதிக்க வாழ்பவர். கைம்பெண்ணும் இவ்வாறு வாழலாம் என்பதற்கு ஆயிரம் அறிவுரை கூறினும் பெறாத உறுதியை, அவரைக் காணும் காட்சி ஒன்றே அளித்தது.

1922இற் சீமாட்டி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அம்மையாரே அதன் தலைமை ஏற்றார். வயதுவந்த கைம்பெண்டிரின் பொருட்டு 1927இற் சாரதா வித்தியாலயம் சாரதா மகளிர் சங்கத்தின்கீழ்த் தோன்றியது. பின்னர் இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பில் அது வளர்ந்தது. இந்திய அரசாங்கம் 1958இல் அம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1969 திசம்பர் 20ஆம் நாள் அவர் மறைந்தார்.

இவ்வரலாற்றில் ஒரு குறையும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. அரசாங்கத்தின் ஆதரவில் நடைபெற்ற அவ்வில்லம் பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. குழந்தை மணமும் கைம்மைக் கொடுமையும் அக்குலத்தில் மிகுந்திருந்தன என்பதும், பிற குலத்தாரோடு ஒருங்குண்ண வைப்பின் பெற்றோர் ஒருவரும் அனுப்பார் என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். காரணம் எதுவாயினும், ஒத்த துயர் உடையோர் அனைவரும் ஒத்தவர் என்னும் கொள்கை, சாதி என்னும் வேலியோடு நின்றுவிட்டது. அவ்வேலியைத் தாண்டுதல் பிற்காலத்தாரின் கடமையாயிற்று.

மேனாட்டாரின் சான்று

இந்தியாவில் அனுபவத்தால் உணரப்பட்ட இவ்வுண்மையை, மேனாட்டார் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆராய்ச்சியாலும் உறுதிசெய்தனர். இங்கிலாந்தில் மார்கரெட் டோரி என்னும் அம்மையார் 1959இல் ‘குருஸ்’ என்னும் அமைப்பைக் கைம்பெண்டிருக்கெனத் தொடங்கினார். விவிலியத்தில் வரும் ஏழைக் கைம்பெண்ணின் வற்றாத எண்ணெய்க் கலயத்தைக் குறிப்பது அப்பெயர். பிற்காலத்தில் அது துயருற்ற அனைவர்க்கும் உரிய அமைப்பாக விரிந்தது.

அமெரிக்காவிற் பொஸ்டன் நகரில் பிலிஸ் சில்வர்மன் என்னும் ஆய்வாளர் 1967இல் ‘கைம்பெண்ணிலிருந்து கைம்பெண்ணுக்கு’ என்னும் பொருள்படும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். மருத்துவரையும் சமூக சேவையாளரையும் அனுப்பாது, அவ்வூரிலேயே வாழும் கைம்பெண்டிர் சிலரைப் புதிதாகக் கணவனை இழந்த பெண்டிரின் வீடுகளுக்கு அவர் அனுப்பினார். அத்திட்டம் புலப்படுத்திய செய்திகளுள் இரண்டு சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை. ஒன்று, இழப்பு நேர்ந்த உடனடி நாட்களிலும் பார்க்க, சுற்றத்தார் கலைந்து சென்ற பிந்திய மாதங்களிலேயே துணை பெரிதும் வேண்டப்படுகிறது. மற்றொன்று, ‘மனைவி’ என்னும் நிலையிலிருந்து வேறொரு வாழ்க்கை நிலைக்கு மாறும் வழியைப் பெண் கற்கவேண்டியுள்ளது. அவ்வழியிற் சற்று முன்னே சென்றவளே அதற்குச் சிறந்த ஆசிரியை. பார்வதிபாயும் சுப்புலட்சுமி அம்மையாரும் தம் வாழ்வாற் காட்டியதையே இவ்வாராய்ச்சி வேறு சொற்களாற் கூறிற்று.

இலங்கையின் நாட்டுப்புறங்களில் மரணாதாரச் சங்கங்கள் பரவலாக உள்ளன. உறுப்பினர் வீட்டில் இறப்பு நேரின் பொருளும் ஆளுதவியும் வழங்குவது அவற்றின் பணி. போற்றத்தக்க அப்பணி பெரும்பாலும் இறுதிக் கிரியைகளோடு நிறைவுறும். பந்தல் பிரித்தபின் தொடங்கும் நெடுங்காலத் தனிமைக்கு வேறு வகைத் துணை வேண்டும் என்பதைப் பொஸ்டன் அனுபவம் நம் நாட்டார்க்கும் உணர்த்துகிறது.

இலங்கைப் போரும் கண்டிச் சங்கமும்

1983 முதல் 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போர், இலங்கையிற் கைம்மையின் அளவையும் தன்மையையும் மாற்றிவிட்டது. வடக்கில் 40,000, கிழக்கில் 49,000, ஆக 89,000 கைம்பெண்டிர் உளர் என்று 2010இல் அரசின் துணையமைச்சர் ஒருவர் தெரிவித்தார். தெற்கிலும் மலைநாட்டிலும் படைவீரரின் மனைவியர் பலர் அந்நிலை எய்தினர். 1987க்கும் 1989க்கும் இடைப்பட்ட கிளர்ச்சிக் காலம் கண்டி மாவட்டத்துச் சிற்றூர்களிலும் பெண்டிர் பலரைத் தனியராக்கிற்று.

போர் தோற்றுவித்த மற்றொரு நிலை முன்னையோர் பெயரிட்டு வழங்காதது. கணவன் இறந்தான் என்பதும் உறுதியில்லை. உயிரோடிருக்கிறான் என்பதும் உறுதியில்லை. காணாமற்போனவனின் மனைவி பொட்டை அழிப்பதா, வைத்திருப்பதா என்பதை அறியாள். கிரியை செய்யவும் மனம் துணியாள். இறப்புச் சான்றிதழ் பெறாதவரையில் நிலவுரிமைக்கும் உதவித்தொகைக்கும் தடை. ஆளைக் காணவில்லை என்பதை மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழை வழங்க 2016இற் சட்டம் திருத்தப்பட்டது. அதுவும் சட்டத்தின் துணையே. மனத்தின் ஐயத்தை அது தீர்க்கவல்லதன்று. அவ்வையத்துடன் வாழ்பவளை முழுதும் அறிந்தவள், அதே ஐயத்துடன் வாழும் மற்றொருத்தியே.

இடம்பெயர்ந்த மட்டக்களப்புப் பெண்களிடையே 1991இல் தோன்றிப் பின் மட்டக்களப்பில் நிலைபெற்ற சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம், கிழக்கிற் பெண்டிரை ஒருங்குசேர்த்த அமைப்புகளுள் ஒன்று. போர்க்காலத்தில் தமிழ்ப் பெண்டிரிடையே நிகழ்ந்த மாற்றங்களை ஆராய்ந்த தரிணி இராஜசிங்கம் சேனநாயக்க, இளம் கைம்பெண்டிர் பலர் பொட்டை அழிக்க மறுத்தமையைக் குறிப்பிட்டுள்ளார். தனித்த ஒருத்தி அவ்வாறு செய்யின் ஊர் பழிக்கும். ஓர் ஊரிற் பலர் அந்நிலையினராய், ஒருவரை ஒருவர் கண்டு துணிவு பெறும்போது வழக்கமே இளகத் தொடங்குகிறது.

குண்டசாலையை அடுத்த கண்டி நகரிலும் இத்தகைய முயற்சி ஒன்று தோன்றியது. கண்டியைச் சேர்ந்த விசாகா தர்மதாச என்னும் அம்மையாரின் படைவீரனாகிய மகன் 1998இற் கிளிநொச்சிப் போரிற் காணாமற்போனார். அவ்வம்மையார் முதலில், காணாமற்போன படைவீரரின் பெற்றோரை ஒன்றுதிரட்டினார். பின்னர் 2000ஆம் ஆண்டிற் போரால் பாதிக்கப்பட்ட பெண்களின் சங்கத்தைக் கண்டியை நிலைக்களனாகக் கொண்டு நிறுவினார். மகனை இழந்த தாய்மாருடன் கணவனை இழந்த மனைவியரும் அதில் இடம்பெற்றனர். போர் ஓயாத காலத்திலேயே தெற்கிலிருந்து பெண்களை வடக்கே அழைத்துச் சென்று, மறுபுறத்தில் இழப்புக்கு ஆளானோரைச் சந்திக்கச் செய்தது அச்சங்கம்.

இச்செயலின் அருமை எளிதில் விளங்கும். படைவீரனின் மனைவியும் போராளியின் மனைவியும் ஒருவர்க்கொருவர் பகைவரின் வீட்டார். ஒருத்தியின் கணவன் மற்றவளின் கணவனைக் கொன்றிருக்கவும் கூடும். எனினும், இரவில் வாயிற்படியில் ஓசை கேட்டு எழுந்து பார்க்கும் பழக்கம் இருவர்க்கும் ஒன்று. பிள்ளைகள் தந்தையைப் பற்றி வினவுகையில் திகைப்பதும் ஒன்று. சாதி என்னும் வேலியைச் சென்னை இல்லம் தாண்டவில்லை. அதனினும் உயர்ந்ததாகிய பகை என்னும் வேலியைக் கண்டிச் சங்கம் தாண்ட முயன்றது. அம்முயற்சி போரை நிறுத்திற்று என்று கூறுவார் இலர். துயரில் ஒத்தவர் மொழியாலும் இனத்தாலும் வேறுபடினும் ஒருவரை ஒருவர் அறியவல்லார் என்பதை அது நிறுவியது.

முடிபு

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன மூன்று. முதலாவது, சுற்றமும் சட்டமும் கைம்பெண்ணின் உடலையும் உடைமையையும் காக்கவல்லன. அவள்மீது ஏற்றப்பட்ட அமங்கலத்தை நீக்க அவற்றால் முடியவில்லை. அனைவரும் ஒத்த நிலையினராய்க் கூடிய இடத்திலேயே அச்சொல் பொருளிழந்தது. இரண்டாவது, கொடுப்போர், கொள்வோர் என்னும் வேறுபாடு நிலைத்த இல்லங்கள் அன்னசத்திரங்களாகவே நின்றன. நேற்று உதவி பெற்றவள் இன்று மற்றொருத்திக்கு உதவும் இல்லங்களோ ஆசிரியைமாரையும் தலைவியரையும் ஆக்கின. மூன்றாவது, இவ்வட்டத்தைச் சுற்றி எவ்வகை வேலி இடினும், வேலிக்கு வெளியே நிற்பவள் முன்னைய தனிமையிலேயே விடப்படுகிறாள்.

கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனுக்குப்பின் ஆண்டோரும் மறைந்து, இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் 1832இல் வேலூரிற் சிறைவாழ்விலேயே இறந்தான். குண்டசாலை மாளிகையும் அழிந்தது. அரசியர்க்கு அன்று கிட்டிய சுற்றத்தின் காவல் இன்று பல வீடுகளிற் கிட்டுவதில்லை. பிள்ளைகள் கொழும்புக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் செல்கின்றனர், கூட்டுக்குடும்பம் சுருங்குகின்றது. ஆகவே மூன்றாவது துணையின் தேவை முன்னையிலும் மிகுகின்றது. அதற்குப் பெரும் மாளிகையோ பெருநிதியோ வேண்டுவதில்லை. கோவில் மண்டபத்திலோ, பள்ளிக்கூடத்தின் வகுப்பறை ஒன்றிலோ, மாதம் ஒருமுறை கணவனை இழந்த பெண்டிர் கூடி உரையாட இடமளித்தாற் போதும். அங்கே கூடுவோருள் மூத்தவள் இளையவளுக்கு வழிகாட்டுவாள். ஓய்வூதிய விண்ணப்பத்தை எழுதத் தெரிந்தவள் தெரியாதவளுக்கு எழுதித் தருவாள். பேச விரும்பாதவள் பேசாதிருக்கவும் அங்கே உரிமை உண்டு.

இடமளிப்போர் அதனை நடத்தவும் விழையலாகாது. நடத்துதல் அப்பெண்டிர்க்கே உரியது. விவேகானந்தர் சென்னையிற் கூறியதன் கருத்தும், சுப்புலட்சுமி அம்மையார் ஐஸ் ஹவுஸிற் செய்துகாட்டியதன் பயனும் அதுவே. கல்லூரிகளிற் கற்றுத் தேறி, கோவில்களிலும் சங்கங்களிலும் பொறுப்பேற்கும் இளைஞர் இதனை உளங்கொள்வாராக. தம் வீட்டு மணப்பந்தலில் முன்வரிசை நாற்காலி ஒன்றைக் கைம்பெண்ணாகிய சிற்றன்னைக்கு அவர் இடுவாராயின், நெடுங்கால வழக்கம் ஒன்று அவ்விடத்தில் மாறத் தொடங்கும்.